மரடோனாவுக்கு ஸ்டேட்டஸ் போட்டது குற்றமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். மாற்றுக்கருத்து இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், கதைப்போம்.

2020 நவம்பர் 25ஆம் திகதி, புதன்கிழமை இரவு, இஷாவுக்குப் பிறகு மரடோனா இறந்த செய்தி வந்தது. அன்றிரவே அக்குறணையிலிருந்து கம்பளை வரை எமது ஊர் வட்ஸ்அப் குரூப்களெல்லாம் நீலமும் வெள்ளையுமாகிவிட்டன. 10ஆம் இலக்க ஜேர்சி, பழைய வீடியோக்கள், கண்ணீர் ஸ்டிக்கர்கள். பிரேசில் ஆதரவாளர்கள்கூட அன்று கிண்டல் செய்யவில்லை. சுபஹுக்குப் பிறகு சண்டை தொடங்கியது. ஐந்து நாளாகியும் ஓயவில்லை.

சண்டையில் வந்த ஆட்சேபங்களைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று.

ஒன்று, அவர் முஸ்லிம் இல்லை. அவருக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

இரண்டு, போதைப்பொருள் பாவித்தவர், கையால் கோல் போட்டு உலகை ஏமாற்றியவர். இவரையா பிள்ளைகளுக்குக் காட்டுவது?

மூன்று, எங்கள் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் எங்கேயோ இருக்கிற பந்தடிக்காரனுக்கு அழுகிறீர்களா?

முதல் இரண்டும் எந்தக் காலத்திலும் வரக்கூடியவை. மூன்றாவது அந்த வருடத்தின் வலியிலிருந்து வந்தது. அதைக் கேட்டவர்களின் மனதை மதிக்காமல் இதை எழுத முடியாது. ஆனால் மூன்றுக்கும் எம்மிடம் பதில் இருக்கிறது. மரடோனாவை நினைத்ததில் தவறில்லை. எதை நினைக்கிறோம், நினைத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், ஏன் இந்தப் பாசம் என்று பார்ப்போம். நாற்பது வயதுக்குட்பட்ட நாங்கள் அவரது உச்சத்தை நேரில் பார்த்தவர்களில்லை. வாப்பாமார், பெரிய நானாமார் சொல்லிக் கேட்டு வந்த பாசம் இது. அந்தப் பாசத்தோடுதான் 2014 உலகக் கிண்ணத்தின்போது நோன்பு காலத்தில் ஆர்ஜென்டினா, நெதர்லாந்து அரையிறுதியை இரவு 1.30க்கு உட்கார்ந்து பார்த்தோம். மேலதிக நேரம், பெனால்டி என்று இழுத்து, முடியும்போது ஸஹர் நேரமும் முடிகிற தறுவாய். எத்தனை வீட்டில் அன்று தண்ணீரோடு நோன்பு பிடித்தார்களோ!

1960இல் பிறந்த மரடோனா வளர்ந்தது புவனஸ் அயர்ஸ் நகரின் ஓரத்தில், வில்லா பியோரிட்டோ என்ற குடிசைப் பகுதியில். தொழிற்சாலைக் கூலியின் மகன். பதினாறு வயது நிறைய பத்து நாள் இருக்கும்போது முதலாம் பிரிவில் ஆடத் தொடங்கினார். 1986 ஜூன் 22ஆம் திகதி மெக்சிகோவின் அஸ்டெக்கா மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் போட்ட இரண்டாவது கோல் இன்றும் எல்லோர் தொலைபேசியிலும் இருக்கிறது. தன் அரைப் பகுதிக்குள் பந்தை எடுத்து, ஒரு சுழற்சியில் இருவரைக் கழற்றி, ஓட்டத்திலேயே மற்றவர்களையும் கடந்து, கடைசியில் கோல் காப்பாளரையும் விலக்கிப் போட்டது. எல்லாம் பத்து விநாடிக்குச் சற்று மேல். குட்டையான மனிதர், இடது கால் ஒன்றுதான். பந்து காலோடு ஒட்டியே போனது.

அதை விடப் பெரிய கதை நாபோலி. இத்தாலியின் வடக்கில் இருப்பவர்கள் தெற்கு நகரமான நேபிள்ஸை அழுக்கு ஊர், நோயாளி ஊர் என்று மைதானத்திலேயே பதாகை பிடித்துக் கேலி செய்த காலம். நாபோலி கழகம் அதுவரை ஒருமுறைகூட இத்தாலிய சம்பியன் ஆனதில்லை. 1984இல் மரடோனா அங்கே போனார். 1987இல் முதல் சம்பியன் பட்டம், 1990இல் இரண்டாவது. அந்த முதல் வெற்றியன்று, ‘நீங்கள் எதை இழந்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது’ என்ற கருத்தில் யாரோ மயான மதிலில் இறந்தவர்களுக்காக எழுதி வைத்ததாக அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். அங்கே இருந்த ஆரம்ப காலத்தில், நோயாளிக் குழந்தை ஒன்றின் சிகிச்சைக்குப் பணம் சேர்க்க, கழகம் விரும்பாத நிலையிலும் அச்செரா என்ற சிறிய ஊரின் சேற்று மைதானத்தில் போய் ஆடினார். உலகின் மிக விலை உயர்ந்த கால்கள் அந்தச் சேற்றில் நின்றன.

அவமானப்படுத்தப்பட்ட ஊரைத் தலைநிமிர வைத்தவரை அந்த ஊர் மறக்காது. அதே நிலையில் இருக்கிற மற்ற ஊர்களும் மறக்காது. அவர் இறந்த வாரத்தில் சிரியாவின் இத்லிப் பகுதியில், குண்டுவீச்சில் இடிந்த வீட்டுச் சுவரில் ஓவியர் ஒருவர் மரடோனாவை வரைந்தார். தன் வீட்டுக்குக் கூரை இல்லாத மக்கள் அவர்கள். 2018இல் பலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸைச் சந்தித்தபோது, தன் உள்ளத்தால் தானும் ஒரு பலஸ்தீனியன் என்று மரடோனா சொன்னதும் எங்கள் பலருக்கு நினைவிருக்கும். கேரள அரசு விளையாட்டுத் துறையில் இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. 2012இல் அவர் கண்ணூர் வந்து பிறந்தநாள் கேக் வெட்டிய ஊர் அது.

இப்போது முதலாவது ஆட்சேபத்துக்கு வருவோம். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. எந்த வார்த்தையால் இரங்கல் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவர்களிடம் கேளுங்கள். ‘ஆர்.ஐ.பி.’ போடுவதா இல்லையா என்று முகநூலில் ஃபத்வா கொடுக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு யூதரின் பிரேதம் கடந்து போனபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற சம்பவத்தை நாமெல்லோரும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அவர் யூதராயிற்றே என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில்தான் பதில் வந்தது. ஒரு மரணத்தின் முன்னால் மனம் இளகுவதற்கு இதற்கு மேல் அனுமதிப் பத்திரம் தேவையில்லை.

‘எங்கள் ஆட்களுக்குக் கவலைப்படுங்கள்’ என்று எழுதியவர்களிடம் ஒரு கேள்வி. 2020 நவம்பர் 29ஆம் திகதி, செனகல் நாட்டின் பாப்பா பூபா டியோப் இறந்தார். வயது 42. 2002 உலகக் கிண்ணத்தின் முதல் போட்டியில், முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்கு வந்த செனகல், நடப்புச் சம்பியன் பிரான்ஸை 1-0 என வீழ்த்தியதே, அந்தக் கோலைப் போட்டவர். மக்களில் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்களான நாடு அது. அவருக்கு எத்தனை ஸ்டேட்டஸ் வந்தது? சண்டை போட்டவர்களிலும் ஒருவரும் போட்டதாகத் தெரியவில்லை. அப்படியானால் பிரச்சினை அன்பு எங்கே போகிறது என்பதில் இல்லை. அடுத்தவர் அன்பு காட்டுவதைத் தடுப்பது இலேசு, நாமே ஒருவருக்குக் காட்டுவது கஷ்டம்.

இரண்டாவது ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. பாடசாலையில் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கும் எங்களுக்கு இது முக்கியமானது.

அதே இங்கிலாந்துப் போட்டியின் முதல் கோல் கையால் போடப்பட்டது. அன்றைய நடுவர் தூனிசியாவைச் சேர்ந்த அலி பின் நாசர். அவருக்கு அது தெரியவில்லை. 2015இல் மரடோனா தூனிசியா போனபோது அவரது வீட்டுக்கே சென்று, ஜேர்சி ஒன்றைக் கொடுத்துக் கட்டித் தழுவினார். அழகான சம்பவம்தான். ஆனால் கை கைதான். பிள்ளை கேட்டால் அது களவு என்றே சொல்ல வேண்டும். நான்கு நிமிடத்தில் ஒரே மனிதன் களவும் செய்தான், உலகின் மிக அழகான கோலையும் போட்டான் என்று சொல்ல வேண்டும். மனிதனைப் பற்றிப் பிள்ளை படிக்க வேண்டிய பாடமே அதில் இருக்கிறது.

நேபிள்ஸில் பிறந்த மகனை நீண்ட காலம் தன் மகனென்று ஏற்க மறுத்தவர். அதையும் சொல்ல வேண்டும்.

போதை விஷயம் எல்லாவற்றையும் விட முக்கியம். கொக்கெயின் பாவனை பார்சிலோனாவில் இருந்த காலத்தில் தொடங்கியதாக அவரே பின்னாளில் சொன்னார். 1991இல் பரிசோதனையில் பிடிபட்டு 15 மாதத் தடை. 1994 உலகக் கிண்ணத்தில் கிரேக்கத்துக்கு கோல் போட்டு, கமெராவுக்கு முன்னால் ஓடிவந்து கத்தினாரே, அந்த முகம் மறக்குமா? சில நாட்களில் எபெட்ரின் என்ற தடைசெய்யப்பட்ட மருந்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தேசிய அணிக்கு அவர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அப்போது வயது 33. கடைசியில் 60 வயதில், மூளையில் சத்திரசிகிச்சை செய்து வீடு வந்து இரண்டு வாரத்தில், இதயம் நின்றுவிட்டது.

உறவுகளே, இதை ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறோம் தெரியுமா? எமது ஊர்களில் இப்போது தூளும் ஐஸும் வந்துவிட்டன. யாரும் மறுக்க முடியாது. பள்ளி ஜும்ஆவில் சொல்கிறோம், பாடசாலைக் காலைக் கூட்டத்தில் சொல்கிறோம். பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், போகிறார்கள். ஆனால் உலகமே வணங்கிய ஒரு இடது கால், மருந்துக்கு முன்னால் தோற்ற கதையைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். அவரைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். அவரால் சம்பாதித்தவர்கள், அவரோடு படம் எடுத்தவர்கள், அவருக்கு ‘வேண்டியதை’ கொண்டுவந்து கொடுத்தவர்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடியவர்களின் குரல்தான் எடுபடவில்லை. ஊரில் திறமைசாலி என்று நாம் தோளில் தூக்கும் இளைஞனைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. அவனுக்குக் கைதட்டுவதோடு அது முடிவதில்லை.

ஆகவே மரடோனாவைப் பிள்ளைகளுக்கு மறைக்கத் தேவையில்லை. முழுமையாகச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

இனி மூன்றாவது.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்த நாளிலிருந்து, கொரோனாவில் மௌத்தானவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் எரிக்கப்பட வேண்டும் என்பது அப்போது இந்த நாட்டின் சட்டமாக இருந்தது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச் மாதமே சொல்லியிருந்தது. உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் அடக்கம் செய்ய விட்டன. இங்கே அப்போது குளிப்பாட்டல் இருக்கவில்லை, கபன் இருக்கவில்லை, கபுறு இருக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் இருந்தன.  வைத்தியசாலைக்குப் போகவே பயந்த முதியவர்களை ஒவ்வொரு ஊரிலும் பார்த்தோம். நோயை விட, நோய்க்குப் பிறகு நடப்பதுதான் அவர்களுடைய பயமாக இருந்தது.

இந்த நிலையில் புவனஸ் அயர்ஸைப் பார்த்தோம். மரடோனா கொரோனாவில் இறக்கவில்லை, ஒப்பீட்டில் நியாயமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்டில் அப்போது 13 இலட்சத்துக்கும் மேல் தொற்றாளர்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் மூன்று நாள் தேசிய துக்கம் அறிவித்து, ஜனாதிபதி மாளிகையில் பெட்டியை வைத்து, மக்களை வரிசையில் விட்டார்கள். கிலோமீற்றர் கணக்கில் வரிசை. இரண்டு விநாடி பெட்டியைக் கடந்து போவதற்காக இரவெல்லாம் நின்றார்கள். நேரம் போதாமல் கதவை மூடப் பார்த்தபோது கலவரமானது, பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். கடைசியில் அன்று மாலையே, குடும்பத்தவர் சிலர் மட்டும் நிற்க, தாய் தகப்பன் அடங்கியிருக்கும் அதே மயானத்தில் அடக்கினார்கள்.

தாய் தகப்பனுக்குப் பக்கத்தில். அந்த ஒரு வரியை வாசித்தபோது எம்மில் எத்தனை பேருக்கு நெஞ்சு அடைத்தது?

அதனால்தான் சொல்கிறோம், மரடோனாவுக்காகக் கலங்கியது எங்கள் ஜனாஸாக்களை மறந்ததற்கு அடையாளம் ஆகாது. மனிதர் ஏன் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க வேண்டும், ஏன் மண்ணுக்கே கொடுக்க வேண்டும் என்ற அந்த ஆசை உலகத்துக்குப் பொதுவானது என்பதை அந்த வாரம் எல்லோரும் கண்டார்கள். எங்களோடு சேர்ந்து எங்கள் சிங்கள நண்பர்களும் கண்டார்கள். அவர்களும் அதே வீடியோவைத்தான் பகிர்ந்தார்கள், அதே பத்தாம் இலக்கத்துக்குத்தான் அழுதார்கள்.

கண்டியில் இதன் பெறுமதி எங்களுக்குத் தெரியும். 2018 மார்ச்சில் திகனயில் தொடங்கிய நெருப்புக்குப் பிறகு எத்தனையோ கடைகளில், எத்தனையோ பஸ்களில் பேச்சுக் குறைந்தது. மைதானத்தில் மட்டும் பந்து கேட்டுக் கத்துவதற்கு ஒருவரும் இனம் பார்க்கவில்லை. கூடப் படித்த, கூட விளையாடிய, பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் சிங்கள நண்பர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். இந்த வாரம் அவரோடு மரடோனாவைப் பற்றிப் பேசுங்கள். பிறகு, சண்டை தொனி இல்லாமல், கோபம் இல்லாமல், எங்கள் வீட்டில் ஒருவர் மௌத்தானால் என்னென்ன செய்வோம், அது இல்லாமல் போகும்போது அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். புவனஸ் அயர்ஸில் வரிசையில் நின்ற மக்களைப் புரிந்த மனிதருக்கு, வாப்பாவின் கபுறைக் கேட்கும் மகனையும் புரியும். நூறு காரசாரமான பதிவுகள் செய்யாததை ஒரு தேநீர் செய்யலாம்.

இதோடு இன்னொன்று. மரடோனாவின் பெட்டி மூடப்படும் முன், மையித்தைத் தயார் செய்த ஊழியர்கள் சிலர் பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்தார்கள். அது உலகெங்கும் பரவியது. நாடே கொதித்தது. நாமும் கோபப்பட்டோம். அப்படியானால் எமது ஊர் குரூப்களில் மையித்தின் முகத்தை, விபத்தில் இறந்தவரின் படத்தைப் போடுவதையும் இன்றோடு நிறுத்துவோம். இறந்தவரின் கண்ணியத்தை அரசாங்கத்திடம் கேட்ட சமூகம், தன் கைத்தொலைபேசியிலும் அதைக் காக்க வேண்டும்.

கடைசியாக, நினைவுகூர்வது எப்படி? மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். நாபோலி வீரர்கள் மறுநாளே எல்லோரும் 10ஆம் இலக்க ஜேர்சி போட்டு மைதானத்துக்கு வந்தார்கள். தங்கள் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நவம்பர் 29ஆம் திகதி மெஸ்ஸி கோல் போட்டுவிட்டு, பார்சிலோனா ஜேர்சியைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த நியூவெல்ஸ் கழகத்தின் பழைய ஜேர்சியைக் காட்டினார். மரடோனாவும் சிறிது காலம் ஆடிய கழகம் அது. மஞ்சள் அட்டை கிடைத்தது, பரவாயில்லை. கண்டி றக்பி ஊர் என்பதால் இன்னொன்றையும் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வாரச் சனிக்கிழமை ஆர்ஜென்டினாவுக்கு எதிரான போட்டிக்கு முன்னால் நியூசிலாந்துத் தலைவர் நடந்து வந்து, மரடோனாவின் பெயரும் 10ஆம் இலக்கமும் பொறித்த கறுப்பு ஜேர்சியைப் புல்லில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் ஹக்கா ஆடினார்கள். வேறு விளையாட்டு, வேறு நாடு, எதிரணி. அரை நிமிட வேலை. இதற்குப் பெயர்தான் மரியாதை.

எங்கள் ஊர்களிலும் மரியாதைக்குரியவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். போகம்பறை மைதானத்தில் வெறுங்காலோடு ஆடிய மூத்தவர்கள், வேலை விட்டுப் பஸ் ஏறிப் பயிற்சிக்குப் போனவர்கள், ஊர் அணிக்காக முழங்காலைக் கொடுத்து இன்று கைத்தடியோடு பள்ளிக்கு வருபவர்கள். 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்த நாடு இது. 2020இல் உலகத் தரப்படுத்தலில் 206ஆம் இடத்தில் இருந்தது. அந்த இடைவெளியில் காணாமல் போனது பணம் மட்டுமில்லை, கதைகளும்தான். பெலேயின் கோல் எண்ணிக்கையை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு, தன் தெருவில் இருக்கும் முன்னாள் மாவட்ட வீரரின் பெயர் தெரியாது. அது பிள்ளையின் குற்றமில்லை. யாரும் சொல்லவில்லை.

எனவே மூன்று வேண்டுகோள்கள். செலவில்லாதவை.

ஒன்று, ஊர் விளையாட்டுக் கழகங்கள் தங்கள் பழைய வீரர்களின் பட்டியலை எடுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேசி, தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். இறந்தவர்களின் குடும்பத்திடம் பழைய படம் கேளுங்கள். இதை மாணவர்களிடம் ஒப்படைத்தால் அவர்களே செய்வார்கள்.

இரண்டு, அடுத்து வைக்கும் சிறுவர் போட்டிக்கு அப்படியான ஒரு ஊர் வீரரின் பெயரை வையுங்கள். பெரிய கிண்ணம் வேண்டாம், மேடை வேண்டாம், அரசியல்வாதியும் வேண்டாம். பக்கத்து சிங்கள, தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளையும் அழையுங்கள்.

மூன்று, ஊரில் மீதமிருக்கும் மைதானத்தைக் காப்பாற்றுங்கள். மலைநாட்டில் சமநிலம் என்பதே அரிது. ஒருமுறை கட்டிடம் வந்துவிட்டால் திரும்பாது. மாலையில் பந்து தட்டும் இடம் இல்லாத இளைஞன் எங்கே போய் நிற்கிறான் என்பதை மேலே எழுதிவிட்டோம்.

மரடோனாவின் ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். நல்லது. அந்தக் கவலையில் கொஞ்சத்தை இங்கே இறக்கி வைப்போம்.

உங்கள் ஊரில், உங்கள் காலத்தில் பந்தடித்த ஒருவரை, அவர் இருந்தாலும் மௌத்தாகியிருந்தாலும், குடும்பத்தவரின் விருப்பத்தோடு கமெண்டில் எழுதுங்கள். எந்தப் பக்கம் ஆடினார், எந்த மைதானம், எந்தப் போட்டி என்று ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். அங்கிருந்தே பட்டியலைத் தொடங்குவோம்.

கபன் இல்லாமல் போன எமது எல்லா ஜனாஸாக்களுக்காகவும், அவர்களின் குடும்பங்களுக்காகவும் இன்றைய துஆவில் ஒரு இடம் வையுங்கள்.